மட்டக்களப்பு மணலில் ஒரு கிராப் அப்பிள்: கன்றுக்கும் கடைக்குமான மதிப்பீடு

2022 ஒக்டோபரில், மாரி மழை இறங்குவதற்குச் சற்று முன்னர், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியை அண்டிய ஒரு நாற்றுமேடையில் 3,800 ரூபா கொடுத்து ‘அலங்காரக் கிராப் அப்பிள்’ ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கினேன். இரண்டு மாரியும் இரண்டு கச்சான் காற்றுக் காலமும் அது என் வளவில் நின்றது. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்று சாகவில்லை, பூக்கவுமில்லை. அதை விற்ற கடையை மோசமான கடை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதை இந்த ஊரில் விற்றது சரி என்றும் எழுத முடியவில்லை. கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குளிர்நாட்டு மரங்களை அழகான படத்தோடு தொங்கவிட்டு விற்கும் எந்த நாற்றுமேடையிலும் இது நடக்கக்கூடியது.

இந்த மரத்தின் மேல் எனக்கு ஆசை விழுந்தது இலண்டனில். ஓய்வு பெற்ற பின் ஒரு வருடம், பங்குனி முதல் வைகாசி வரை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அவனுடைய பின்வளவில் வேலியோரமாக ஒரு கிராப் அப்பிள் நின்றது. ஃபுளோரிபுண்டா என்ற யப்பானிய இனம். நான் போய் இறங்கியபோது அது வெறும் குச்சிக் கட்டாகத்தான் இருந்தது. ஏப்ரல் கடைசிக் கிழமையில் அரும்புகள் குங்குமச் சிவப்பில் கொத்துக் கொத்தாக முட்டின. விரிந்ததும் வெளிர் றோசாவாகி, வாட முன்னர் வெள்ளையாகி, ஒரே கொப்பில் மூன்று நிறத்தையும் ஒன்றாகக் காட்டின. தேனீக்களின் இரைச்சலைக் குசினி யன்னலைத் திறக்காமலே கேட்கலாம். அதில் காய்க்கும் பழம் சிறுவர்கள் விளையாடும் போளை அளவுக்கு மேல் பருப்பதில்லை. உண்மையில், பழம் 5 சென்ரிமீற்றர் விட்டத்துக்குள் அடங்கினால் கிராப் அப்பிள், அதற்கு மேல் போனால் அப்பிள் என்பதே தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் எல்லை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஆனால் பெக்டின் நிறைய இருப்பதால் சீனி போட்டுக் காய்ச்சினால் தானாகவே உறைந்து ஜெலியாகிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு போத்தல் தந்தார். அந்தப் போத்தலை ஊருக்குக் கொண்டுவந்து வீட்டில் விவரம் சொன்னபோது, “நண்டு அப்பிளா? அப்ப கறி வைக்கலாம்” என்றார் என் மனைவி. வாவி நண்டுக்குப் பேர்போன ஊரில் அந்தப் பெயருக்கு வேறு மரியாதை கிடைக்காது.

இனிக் கடையைப் பற்றி. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த நாற்றுமேடைகளில் மிகத் துப்புரவானது இதுதான். நிழல் வலைக்குக் கீழே மூன்று நீள வரிசை. கன்றுப் பைகளில் களை கிடையாது. ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் தமிழில் பெயர் எழுதிய தகரம். காலை ஏழு மணிக்குப் போனால் உரிமையாளரின் தாயார் பூவாளியோடு நிற்பார். இலைமேல் ஊற்றாமல், பையின் வாயோரமாகத் தண்ணீர் சரியும் வகையில் அவர் ஊற்றும் கைப்பக்குவத்தை நின்று பார்க்கலாம். மேல்மண், ஆற்றுமணல், கூட்டெரு, தும்புத்தூள் என்று கலவையைக் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். மாவிலும் கொய்யாவிலும் ஒட்டு வைப்பவர் உரிமையாளரே. அவரிடம் முன்னர் வாங்கிய கறுத்தக்கொழும்பான், விலாட்டு மாங்கன்றுகள் என் வளவில் பழுது சொல்ல முடியாதபடி நிற்கின்றன. ஆகவே, படலையடியில் புதிதாக ஐந்து கன்றுகள் கிராப் அப்பிள் என்ற பெயரோடும் றோசா நிறப் பூப்படத்தோடும் நின்றதைக் கண்டபோது எனக்குச் சந்தேகம் எழவே இல்லை.

கன்று மூன்றரை அடி உயரம். நிலமட்டத்திலிருந்து நான்கு அங்குலம் மேலே, முழங்கை மடிந்ததுபோல் சிறு வளைவோடு ஒட்டு இருந்தது. நாடா அவிழ்க்கப்பட்டு, இரு பக்கத் தோலும் நன்றாகக் கூடியிருந்தன. இலையின் ஓரம் அரத்தின் பல்லைப்போல் வெட்டுப்பட்டு, இளந்தளிர் செம்பு நிறத்தில் இருந்தது. ஒரு இலையை அங்கேயே வட்ஸ்அப் காணொளியில் மகனிடம் காட்டினேன்; அவன் தன் மரத்தின் இலையைக் கமராவுக்குப் பக்கத்தில் பிடித்தான். இரண்டும் ஒரே சாதி என்பதில் ஐயமில்லை. எனவே கடைக்காரர் பொய்க் கன்று விற்றார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்று உண்மையானது. பொய்த்தது அதனோடு சேர்த்து விற்ற வாக்கு.

“இது இங்க பூக்குமா தம்பி?” என்று கேட்டேன்.

“பூக்கும் சேர். மலைநாட்டில இருந்து இறக்கின கன்று. ரெண்டு வருசம் பொறுங்க, மரம் தெரியாமப் பூக்கும்.”

முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவன் நான். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மலைநாட்டிலிருந்து இறக்கிய கன்று என்ற அந்த ஒரு சொல்லிலேயே விடை இருந்தது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அந்த அளவில் பிழையில் பாதி என்னுடையது.

வீட்டில் பையைக் கிழித்தபோது முதற்குறை தெரிந்தது. வேர்கள் அடியில் சும்மாடுபோல வட்டமாகச் சுருண்டு கிடந்தன. கன்று அந்தப் பைக்குள் இருக்க வேண்டிய காலத்துக்கும் மேலாக இருந்திருக்கிறது. அப்படியே நட்டால் வேர் மண்ணுக்குள் பரவாமல் தன்னைத் தானே சுற்றி நெரிக்கும். தண்ணீர் வாளிக்குள் அரை மணி நேரம் வைத்து, விரலால் பிரித்து, பிரியாத இரண்டு தடித்த வேர்களை வெட்டிவிட்டேன். மாங்கன்றில் இப்படி ஒருநாளும் கண்டதில்லை. தாமே ஒட்டிய கன்றுக்கு அவர்கள் காட்டும் கவனம், வெளியிலிருந்து வாங்கி விற்கும் கன்றுக்குக் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு. வாங்குபவர்கள் பையின் அடியைத் தூக்கிப் பார்த்து, துளைவழியே வேர் தள்ளியிருக்கிறதா என்று கவனிப்பது நல்லது.

எங்கள் வளவு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணற்பாங்கு. தண்ணீரை ஊற்றினால் கண்முன்னே மறையும் மண் அது. கிராப் அப்பிளுக்குத் தேவைப்படுவது நீர் வடியவும் வேண்டும், ஈரம் தங்கவும் வேண்டும் என்ற மண். சிறிது புளிப்புத்தன்மையும் அதற்குப் பிடிக்கும். இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்க அடுக்கி, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவித்த மண்ணும் ஆறு மாதம் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பினேன். மாரியில் வேரடியில் வெள்ளம் நில்லாதிருக்க, சுற்றுநிலத்தைவிட அரையடி உயர்த்தி மேடாக்கி அதன்மேல் நட்டேன். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் மேற்பகுதி தானே வேர்விட்டு, வேரோடு அடியில் இருக்கும் ஒட்டுக்கட்டையினால் கிடைக்கும் பயன் இல்லாமல் போகும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும் என்பதால் தென்னைக்கும் மாவுக்கும் விலக்கி, கிணற்றடிக்குக் கிழக்கே இடம் ஒதுக்கினேன்.

முதல் மாரியில் கன்று நன்றாகவே தளிர்த்தது. ஒட்டுக்குக் கீழே இரண்டு முளைகள் கிளம்பின. அவற்றின் இலை சற்று அகன்று, வேறு பச்சையில் இருந்தது. இவை ஒட்டுக்கட்டையின் முளைகள். விட்டுவைத்தால் மேலே உள்ள அலங்கார மரத்தின் சாற்றையெல்லாம் இவை இழுத்துக்கொள்ளும். கத்தியால் வெட்டாமல், தோன்றிய இடத்தோடு பிய்த்தெடுப்பதே முறை. வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். தளிரில் அழுகணிப் பூச்சி பிடித்தது. சவர்க்காரத் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் தெளித்ததில் அடங்கியது. வைகாசி பிறந்ததும் கச்சான் தொடங்கியது. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, ஈரம் இழந்து சூடேறி இறங்கும் அந்தக் காற்றை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரே கிழமையில் இலைகளின் ஓரம் அடுப்பில் பிடித்த கடதாசிபோலக் கருகிச் சுருண்டது. மேற்குப் பக்கம் கிடுகு நாட்டி மறைத்தேன். ஆவணியில் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கியதும் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாளி. மண்ணை மூடிப் போட்டிருந்த மரத்தூளுக்குக் கறையான் வந்தது. அதை அள்ளி எறிந்துவிட்டு காய்ந்த வைக்கோலை, தண்டைத் தொடாதபடி ஒரு சாண் தள்ளிப் பரப்பினேன். இவ்வளவு பணிவிடையை நான் என் பிள்ளைகளுக்குச் செய்ததில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டாம் வருடத்தில்தான் நோய் என்று சொல்ல முடியாத அந்தக் கோலம் வந்தது. ஒன்றரை முழ நீளக் கொப்பின் நுனியில் மட்டும் ஐந்தாறு இலை, குடை பிடித்ததுபோல. நுனியிலிருந்து அடிவரை நடுவெல்லாம் வெறுமை. கிட்டக் குனிந்து பார்த்தால் கணுவுக்குக் கணு மொட்டுகள் இருந்தன: நெல்மணியின் பாதி அளவில், கபில நிறச் செதில் மூடி, தண்டோடு ஒட்டிப் படுத்தபடி. பட்டுப்போய்விட்டதோ என்று நகத்தால் தோலைச் சுரண்டினேன். உள்ளே ஈரப்பச்சை. ஒரு மொட்டைக் கிள்ளி, சவர அலகால் குறுக்கே வெட்டினேன்; அதன் நடுவிலும் பச்சைதான். ஒவ்வொரு மொட்டும் உயிரோடு இருந்தது, ஒன்றும் விழிக்கவில்லை.

காரணம் இதுதான். அப்பிள் இனம் முழுவதும் பனிக்காலத்துக்கு அஞ்சித் தன்னைப் பழக்கிக்கொண்ட இனம். கோடை முடிவதற்குள்ளேயே அடுத்த வருடத்து மொட்டுகளை உருவாக்கி, செதில் போர்த்தி உறங்க வைத்துவிடும். நடுப்பனிக்காலத்தில் இரண்டு நாள் வெயில் எறித்ததும் ஏமாந்து விரிந்துவிடாமல் இருக்க, போதிய குளிரை அனுபவித்த பின்னரே மொட்டு விழிக்கும் என்று ஒரு பூட்டு அதற்குள் இருக்கிறது. அந்தக் குளிரைத் தோட்டக்கலையாளர்கள் மணித்தியாலத்தில் கணக்கிடுகிறார்கள்: பூச்சியத்துக்கும் 7 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட குளிரில் கழிந்த மணித்தியாலங்கள். பொதுவான அப்பிள் இனங்களுக்கு 800 முதல் 1,000 மணித்தியாலம் வேண்டும். குறைந்த குளிருக்கென்றே இஸ்ரேலில் உருவாக்கிய ‘அனா’ என்ற அப்பிளும், பஹாமாசில் கண்டெடுத்த ‘டோர்செற் கோல்டன்’ என்பதும்கூட 100 முதல் 300 மணித்தியாலம்வரை கேட்கின்றன. மட்டக்களப்பில் தை மாத விடியற்காலையிலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதாவது நூறு வருடம் காத்திருந்தாலும் எங்கள் கணக்கு பூச்சியம். உறக்கத்தைக் கலைக்கும் குளிர் வராத ஊரில், பலமான நுனி மொட்டு மட்டும் எப்படியோ தட்டுத்தடுமாறி விரிகிறது, மற்றவை கிடக்கின்றன. எருவோ யூரியாவோ போட்டால் நுனி இன்னும் ஒரு முழம் நீளுமே தவிரப் பூ வராது. எருப்போட்டு நான் செய்ததும் அதுதான்.

வெப்ப நாட்டில் அப்பிளே விளைவதில்லையா என்று கேட்கலாம். இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங்கை அடுத்த பத்து என்ற மலைப்பகுதியில் விளைகிறது. அறுவடை முடிந்ததும் மரத்தின் இலை முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முன்னரே இலையை இழந்து அதிர்ந்து பூத்துவிடுகிறது. வருடத்துக்கு இரண்டு போகம்கூட எடுக்கிறார்கள். இதை அறிந்ததும் நானும் 2024 மாசியில், மழை ஓய்ந்த கையோடு, ஓர் இலை மிஞ்சாமல் உருவினேன். நிமிர்ந்த கொப்புகளைக் கல்லுக் கட்டி வளைத்தேன். மூன்று கிழமையில் நுனிகள் தளிர்த்தன. பூ இல்லை. அந்தப் பத்து மலைப்பகுதி கடல்மட்டத்திலிருந்து 700 முதல் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் இரவுகள் எங்கள் இரவுகளல்ல. அதே கிழமையில், எங்கள் வேலியில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாத சீமைக்கிளுவைக் கதிகால்கள் இலையெல்லாம் கொட்டி, அடியிலிருந்து நுனிவரை வெளிர் றோசாப் பூவாக நின்றன. இலண்டன் பின்வளவில் நான் பார்த்த காட்சிக்கு இந்த ஊரில் அதைவிடக் கிட்டிய காட்சி இல்லை. ஆட்டுக்குக் குழை வெட்டும் மரம் என்பதால் அதற்கு மதிப்பில்லை.

சித்திரை முடிந்த பின் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். “மூணாம் வருசம் பார்ப்பம் சேர்” என்றார் உரிமையாளர். எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். அடுத்த நாள் ஓட்டோ பிடித்து, ஒன்றரை முழக் கொப்பு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே போனேன். கொப்பை மேசையில் வைத்து, உறங்கும் மொட்டுகளைக் காட்டி, குளிர் மணித்தியாலக் கதையைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. கொப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொட்டு ஒன்றைத் தாமும் நகத்தால் பிளந்தார். ஒட்டு வைப்பவருக்கு மொட்டின் பாஷை தெரியும். “எனக்குத் தந்தவர் பூக்கும் எண்டுதான் தந்தார். நான் வளர்த்துப் பார்க்கேல்ல” என்று ஒப்புக்கொண்டார். ஒரு கடைக்காரர் வாயிலிருந்து அதைக் கேட்பது சாதாரணமல்ல. பணத்தைத் திருப்பித் தருவது அவர்களிடம் வழக்கமில்லையாம். அதற்குப் பதிலாக ஐந்தடி உயர மந்தாரைக் கன்றொன்றும் தேசி ஒட்டுக்கன்றொன்றும் தந்தார். விலைப்படி பார்த்தால் 3,800 ரூபாவுக்கு 500 ரூபா அளவில் குறையும். இரண்டு வருடத் தண்ணீரையும் மெனக்கேட்டையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என்றாலும், நான் எதிர்பார்த்துப் போனது சண்டை, கிடைத்தது நியாயம். கடைக்கு இதற்காக ஒரு புள்ளி கூட்டியே போடுகிறேன்.

இந்த மதிப்பீட்டைப் படிப்பவர்களில் வெளிநாட்டிலும் மலைநாட்டிலும் இருக்கும் எங்கள் ஆட்களும் இருப்பார்கள் என்பதால், மரத்தின் மேல் பழி வராமல் ஒரு சில வார்த்தை. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிறு பின்வளவு உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான மரத்தை என்னால் சொல்ல முடியாது. சைபீரியக் கிராப் அப்பிள் வழிவந்த இனங்கள் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாங்கும். வாங்கும்போது பூ நிறத்தை மட்டும் பார்க்காமல், இலையில் கரும்புள்ளி விழுத்தும் ஸ்காப் நோயையும், கொப்பை நெருப்பில் வாட்டியதுபோல் கருக்கும் தீவாட்டல் பற்றீரியாவையும் எதிர்க்கும் இனமா என்று கேட்டு வாங்க வேண்டும்; இதில் தவறினால் ஆடிக்குள்ளேயே மரம் மொட்டையாகிவிடும். கத்தரிப்பு பனிக்காலக் கடைசியில், மொட்டு விரிய முன்னர். அதுவும் அதிகம் வேண்டாம்: உள்நோக்கிப் போகும் கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, நேர் செங்குத்தாக ஏறும் நீர்முளை, இவ்வளவும் போதும். கோடை கடந்து வெட்டினால் அடுத்த வருடப் பூவை வெட்டுகிறீர்கள். பக்கத்தில் தின்னும் அப்பிள் மரம் இருந்தால் கிராப் அப்பிளின் மகரந்தத்தால் அதன் காய்ப்பும் கூடும். மகன் வீட்டில் மார்கழிவரை பழம் மரத்திலேயே கிடந்து, பனி கொட்டிய பின் கருங்குருவிகள் வந்து தின்கின்றன. நுவரெலியாவில் இருப்பவர்கள் ஆசைப்பட்டால் முயன்று பார்க்கலாம். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், தை மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியும் படிகிறது. ஆனால் அங்கும் 800 மணித்தியாலம் தேறாது. குறைந்த குளிர் கேட்கும் இனமாக இருக்க வேண்டும், இலை உருவும் முறையும் தேவைப்படலாம்.

எழுவான்கரை, படுவான்கரை, அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கடையில் வாங்க வேண்டியவை வேறு. ஜம்பு ஒட்டுக்கன்று அருமை. என்னுடையது மூன்றாம் வருடமே காய்த்தது, பூவும் தூரிகைபோல அழகானது. செவ்வரத்தையில் பதினைந்து நிறத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள், விலையும் நியாயம். பொன்கொன்றை கேட்டால் விதைக்கன்று தருவார்கள். பூக்கச் சில வருடம் செல்லும், ஆனால் நிச்சயமாகப் பூக்கும். இடம் அகலமாக உள்ளவர்கள் ரொபரோசியாவை வாங்கலாம்; றோசா நிறத்தில் மரம் முழுவதும் பூத்துக் கொட்டுவதில் கிராப் அப்பிளுக்கு அது சளைத்ததல்ல, கச்சானுக்கும் அஞ்சாது. சாடிகளின் விலை மட்டும் மிக அதிகம்; அதை நகரிலுள்ள சீமெந்துச் சாடி செய்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு பின்னேரம் போக வேண்டாம். கூட்டத்தில் பையைத் தூக்கிப் பார்க்க விடமாட்டார்கள்.

புள்ளி என்று கேட்டால், கடைக்கு ஐந்துக்கு மூன்றரை, கன்றுக்கு இந்த ஊரில் பூச்சியம். கடையில் நான் இப்போது கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. “இது இங்க பூக்குமா” என்று கேட்பதில்லை. “இந்தக் கன்றின் தாய்மரம் எங்க நிக்குது, அது பூத்ததை நீங்க கண்டீங்களா” என்று கேட்கிறேன். தேசிக்கும் மாவுக்கும் அவர் உடனே இடம் சொல்வார். சொல்ல முடியாத கன்றை நான் தொடுவதில்லை.

2024 ஒக்டோபரில் கிராப் அப்பிளை வேர்மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி, மலைநாட்டிலுள்ள வெலிமடைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறியில் உரிமையாளரின் உறவினர் ஒருவர் தோட்டத்துக்கு அனுப்பினோம். ஏற்றுக்கூலியைக் கடை உரிமையாளரே கொடுத்தார். அதே குழியில், அதே படுவான்கரை மண்ணில், மந்தாரையை வைத்தேன். சென்ற கார்த்திகையில் அது பூத்தது. முதல் வருடம் என்பதால் பதினொரு பூ. கடைக்குப் போய்ச் சொன்னேன். படலையடியில் நின்ற கிராப் அப்பிள்களில் மிச்சம் மூன்றும் அப்போது பின்வரிசைக்குப் போயிருந்தன. தகரத்தில் பெயருக்குக் கீழே, அவருடைய கையெழுத்தில், ‘மலைநாட்டுக்கு மட்டும்’ என்று சேர்த்திருந்தது. றோசாப் பூப்படம் மட்டும் இன்னும் படலையடியிலேயே தொங்குகிறது.